அடிப்பாகத்துக்குக் கறுப்பு வேண்டாம்

பெரம்பூர்,
சென்னை - 11

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரிக்கு முட்டிவலி தேவலை. நேராக உன் மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு வருகிறேன்.

வண்டிக்கு அடியில் இருக்கும் ஆக்ஸில், புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), டிரான்ஸ்பர் கேஸ் (அதை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) எல்லாவற்றுக்கும் 'ஹை டெம்ப்' கறுப்பு ஸ்பிரே அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அது சைலன்சருக்கான சரக்கு. அந்த சிலிகான் பெயின்ட் பெரும்பாலும் 200 டிகிரி பக்கம் சூடேறினால்தான் முழுசாக இறுகும். நாளெல்லாம் மணலில் லோ ரேஞ்சில் ஓட்டினாலும் கியர் ஆயில் 120 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அதனால் பெயின்ட் கடைசிவரை அரைவேக்காடாகவே கிடக்கும். ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் பினியன் சீலிலிருந்து கொஞ்சம் ஆயில் வழிந்தாலே விரலோடு வந்துவிடும். இந்தப் பாகங்களைத் தின்பது சூடு இல்லை. ஆயிலும் உப்பும் கல்லடியும்தான்.

டூ-பேக் எபாக்ஸி (ஹார்ட்னர் தனியாக வரும், கலந்து அடிக்கும் பெயின்ட்) வாங்கு, வெளிர் சாம்பல் நிறத்தில். வெயில் பட்டால் எபாக்ஸி சுண்ணாம்பு பூத்துப்போகும் என்பார்கள், உண்மைதான். ஆனால் வண்டிக்கு அடியில் வெயில் ஏது? மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) கோட் தேவையில்லை. அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட்டைக் கார் ஷெட்டில் ஸ்பிரே பண்ணி மூச்சில் இழுக்கவும் வேண்டாம். எபாக்ஸியைப் பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். கையுறை மட்டும் மறக்காதே. சாம்பல் எதற்கென்றால், எந்த சீல் கசிகிறது, ஹவுசிங்கில் எங்கே விரிசல் என்பது டார்ச் அடித்தவுடன் தெரியும். கறுப்பு எல்லாவற்றையும் மூடி மறைக்கும். ரப்பர் கோட் அதைவிட மோசம்: கல் பட்டு ஓரிடத்தில் கிழிந்தால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும்.

கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் அலுமினியம். வெள்ளைப் பொடி பூக்காதவரை அவற்றைச் சும்மா விட்டுவிடு. அடித்தே ஆகவேண்டுமென்றால் ரெட் ஆக்சைடு பக்கம் போகாதே, அலுமினியத்தில் நிற்காது. காஸ்டிக் கலந்த கிளீனரும் ஆகாது, உலோகத்தையே அரித்துவிடும்.

இனி முக்கியமான வேலை. பெயின்ட் உரிவதற்குப் பெயின்ட் காரணமாக இருப்பது குறைவு. அடியில் தங்கிய ஆயில்தான் காரணம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் சேறும் கிரீஸும் போகும், ஆனால் அதுவே ஒரு படலத்தை விட்டுவைக்கும். பிறகு டிகிரீசர், அப்புறம் கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள். டிஃப் கேரியர் (ஆக்ஸிலின் நடுவில் டிஃபரன்ஷியல் கியர் உட்காரும் கூடு) வார்ப்பு. நுண்துளைகளில் ஆயிலை வைத்திருக்கும். ஹாட் ஏர் கன்னால் லேசாகச் சூடுபடுத்தினால் வியர்த்து வெளியே வரும். தின்னரில் நனைத்த வெள்ளை பனியன் வேஸ்ட்டால் துடை. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதே. (துடைக்கும்போது ஹாட் ஏர் கன்னை அணைத்துத் தூரமாக வை.) கடைசியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்: தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டால் இன்னும் ஆயில் இருக்கிறது, படலமாகப் பரவினால் சுத்தம். அந்தக் கடைசித் தண்ணீர் கேன் வாட்டராக இருக்கட்டும். உங்கள் நீலாங்கரை போர்வெல் தண்ணீரில் கழுவினால் நீயே உப்பைப் பூசிக் கொடுத்த மாதிரி; ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். உடனே துணியால் துடைத்து, லேசாகச் சூடு காட்டி உலர்த்து. கடலோரக் காற்றில் வெறும் இரும்பு அதே நாளில் பழுப்பேறிவிடும், மறுநாளுக்கு என்று வைக்காதே.

விடிகாலையில் அடிக்காதே, இரும்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பனி கோத்திருக்கும். காலை 10 மணிக்கு மேல் ஆரம்பி. ஹார்ட்னர் விகிதம் டப்பாவுக்கு டப்பா மாறும், அதில் போட்டபடியே அளந்து கல. 10 டிகிரி கூடினால் கலந்த பெயின்ட் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும், அதனால் ஒரு தடவைக்கு 150 மில்லிக்கு மேல் கலக்காதே. இரண்டு ஆக்ஸிலும் மூன்று ஷாஃப்ட்டும் சேர்த்து சுமார் 2 சதுர மீட்டர்தான். இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் போதும். ஈரக்காற்றில் மேலே மெழுகு மாதிரி பிசுக்கு படிந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுவிட்டு அடுத்த கோட் அடி. இல்லையென்றால் இரண்டாவது கோட் தோலாக உரியும்.

பெயின்ட் படக்கூடாத இடங்கள்: பிரீதர் (ஆக்ஸில் மூச்சுவிடும் சின்னத் துவாரம், அடைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும்), முன் ஆக்ஸிலின் நக்கிள் உருண்டை (சக்கரம் திரும்பும் இடம்), ஷாஃப்ட் ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்வரிகள்), கிரீஸ் நிப்பிள், பிளேஞ்ச் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டு) முகங்கள், வீல் உட்காரும் முகம். இந்த முகங்களில் பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி நட் தளரும். கியர் பாக்ஸ் எர்த் வயர் பிடிக்கும் இடத்தைப் பளபளவென்று விடு. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பிளேஞ்சிலும் சென்டர் பஞ்ச் உளியால் தட்டிக் குறி போடு, பேலன்ஸ் தகட்டைச் சுரண்டிவிடாதே.

ஆயில் ஊறும் சீல்களை முதலில் மாற்றிவிடு, சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். ஈர சீலுக்குப் பக்கத்தில் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது. டப்பாவை வாங்கியதும் அதிலிருக்கும் விகிதத்தை எழுது.

அன்புடன்,
ராமு