1962 ஒன்றாக்கியதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இந்திய-சீனப் போர்க் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, ஒன்றைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'மொழியாலும் சாதியாலும் பிரிந்து கிடந்த நம்மை 1962 ஒரே தேசமாக்கியது' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஜனங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தது உண்மைதான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் கடைத்தெருவில் உண்டியல் குலுக்கினான். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். யாரும் வற்புறுத்தவில்லை. அந்த உணர்ச்சியை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்னென்ன செய்தது என்பதற்கு உங்கள் ஆறு பக்கத்தில் இடமில்லாமல் போய்விட்டது.

அக்டோபர் 20இல் தொடங்கிய சண்டையை நவம்பர் 21இல் சீனாவே நிறுத்திக்கொண்டது. ஒரு மாதச் சண்டை. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலையை 1968 ஜனவரியில்தான் விலக்கினார்கள். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கட்டுரையில் 'போர் முடிந்ததும் நாடு இயல்புக்குத் திரும்பியது' என்று போட்டிருக்கிறீர்கள்.

அஸ்ஸாமில் மாகும் என்ற ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் பிடித்துப் போனதையெல்லாம் சேர்த்தால் சுமார் 3,000 பேர். குழந்தைகளும் உண்டு. நீங்கள் சொல்லும் 'நம்மை'யில் அவர்கள் சேர்த்தியா?

அப்புறம் நம் ஊர்க் கதை. போர் வந்ததும் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைத் தள்ளி வைத்து அரசுக்கு ஆதரவு கொடுத்தார். அப்படியும் 1963இல் பிரிவினை பேசுகிறவர் தேர்தலில் நிற்க முடியாதபடி 16ஆவது திருத்தம் வந்தது. மனம்தான் ஒன்றாகிவிட்டதே, சட்டம் எதற்கு? 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். சீனாக்காரனைக் காட்டிக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் கலைஞரைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். என் அண்ணனும் அந்த வருஷம்தான் உள்ளே போனான். உண்டியல் குலுக்கிய அதே பையன் மூன்றே வருஷத்தில் தேசத்துரோகி! பிறகு அவனுக்குக் கிடைக்க இருந்த அரசு வேலை போலீஸ் விசாரணையோடு நின்றுபோனது. கடைசிவரை மளிகைக் கடையில் கணக்கு எழுதினான்.

இதையெல்லாம் சொன்னால் ராணுவத்தைக் குறை சொல்வதாக யாராவது கிளம்புவார்கள். பருத்திச் சட்டையோடும் கான்வாஸ் ஷூவோடும் அந்தக் குளிரில் ஏற்றிவிட்டவர்கள் அல்லவா குறை சொல்லப்பட வேண்டியவர்கள்? நமக்கு ஒற்றுமை வந்து சேர்ந்ததாம், ஜவான்களுக்குக் கம்பளி வந்து சேரவில்லை. ஏறக்குறைய 4,000 பேர் சிறைப்பட்டார்கள். ஏன் தோற்றோம் என்று ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் எழுதிய அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. தேசபக்தி பற்றி ஆறு பக்கம் எழுதியவர் அதைக் கேட்டு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எல்லையில் சண்டை என்றாலே உங்கள் அட்டை சிவப்பாகிவிடுகிறது. கார்கில் சமயத்திலும் பார்த்தேன். 'இனி பேச்சு இல்லை' என்று தலைப்புப் போட்டவர் ஏ.சி. அறையில்தானே உட்கார்ந்திருந்தார்? அப்போது நான் எழுதிய கடிதத்தை 'இடமின்மை' என்று நாலு வரியாக வெட்டினீர்கள். பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரம், முழுப் பக்கத்துக்கு. பழைய வாசகன் என்பதால் பொறுத்துக்கொண்டேன். சந்தா கட்டுவதையும் நிறுத்தவில்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். நெருக்கடி நிலை நீங்கியது 1968இல் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த மூன்றாவது படம், மணல்மேட்டில் டாங்கி போகிறதே, அதன் கீழே 'நேஃபா, 1962' என்றிருக்கிறது. நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம். அங்கே பாலைவனம் கிடையாது. அதையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மதுரை