பஸ் இல்லாத சுற்றுலா: பாரிமுனையிலிருந்து ஏழுகிணறு வரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். "இந்த வருஷம் டூர் எங்கே?" என்று பள்ளி வாசலில் உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். ஊட்டி, ஏற்காடு, குற்றாலம் எனப் பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள். பஸ் வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. பணம் கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே இந்த ஆண்டு பஸ் கிடையாது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கையால் வரைந்த வழிப்படம் அது. பொங்கல் விடுமுறையில் ஏதாவது ஒரு காலை வேளையில், பிள்ளையுடன் நீங்கள் அந்த வழியில் நடந்துவிட்டு வர வேண்டும். தாள் பிள்ளையின் கையில் இருக்கட்டும், வழி சொல்வதும் அவர்களாகவே இருக்கட்டும். கைப்பேசி வரைபடத்தைத் திறந்து நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் தொடங்குங்கள். 1892இல் திறக்கப்பட்ட சிவப்பு நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தில் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. கடலுக்குப் போகும் குடும்பங்களில் தாத்தா பாட்டி யாருக்காவது அந்த வெளிச்சம் நினைவிருக்கலாம், கேளுங்கள். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதைச் சொல்லும் கல்வெட்டு வளாகச் சுவரில் இருக்கிறது.

அங்கே நின்றபடி பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நீதிமன்றம் நிற்கும் இதே இடத்தில்தான் முன்பு நம் ஊர் இருந்தது. வீடுகள், கடைத்தெரு, கோயில் எல்லாம் இருந்தன. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த வீடுகளின் மறைவில் பதுங்கினார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் பழைய ஊரை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் கல்தூண்களும் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது. தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் கடந்து போகிற தூண்தான், ஆனால் நின்று பார்க்கிறவர்கள் அரிது.

அங்கிருந்து அரண்மனைக்காரத் தெருவுக்கு வாருங்கள். 1772இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய் அமைதியாக உட்காரலாம். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது நம் சென்னையில்தான்; அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் இங்கே இருக்கிறது. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு பழைய சிறைச்சாலை சாலை. ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் எஞ்சிய துண்டு இங்கே இருக்கிறது, மாடிப்பூங்கா அதன்மேல்தான். ஹைதர் அலியின் படைகள் வந்துபோன பிறகு அவசரமாகக் கட்டிய மதில் இது. அதற்காக மக்களிடம் வரி வாங்கத் திட்டமிட்டார்கள், ஆனால் வசூல் நடக்கவில்லை. வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்று பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கடைசியாக ஏழுகிணறு. இந்த நடையை நான் யோசித்ததே இந்த இடத்துக்காகத்தான். 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி இங்குள்ள கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போகத் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 6.35 லட்சம் லிட்டர். சென்னையின் முதல் குடிநீர்த் திட்டமே இதுதான். நம் பிள்ளைகளில் பலர் காலையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு, ஈரச் சீருடையோடு பிரார்த்தனைக்கு ஓடிவருகிறவர்கள். புழல் ஏரித் தண்ணீர் 1872இல் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்துசேருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, நம் தெருவின் தண்ணீர் கோட்டைக்குள் இருந்தவர்களின் தாகத்தைத் தீர்த்தது. அது யாருக்காகப் போனது, கிணற்றைச் சுற்றி இருந்தவர்கள் என்ன குடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த வளாகத்துக்குள் விடச் சொல்லிக் காவலாளியை வற்புறுத்தாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

பக்கத்தில் வீராசாமி பிள்ளைத் தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார். அண்ணன் படிக்க அனுப்பினால் தம்பி கந்தகோட்டத்துக்குப் போய் முருகனைப் பாடிக்கொண்டிருப்பாராம். தலைமையாசிரியர் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. வகுப்பைத் தவிர்க்க யாரும் இதை உதாரணம் காட்ட வேண்டாம். அந்த வீட்டிலிருந்து திருவொற்றியூர் வரை அவர் நடந்தே போய்வந்தார். நாம் நடக்கப்போவது அதில் பாதிகூட இல்லை.

ஞாயிறு காலை நல்லது. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தள்ளுவண்டி நெரிசல் குறைவு. காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்க்கும் குடும்பங்களுக்கு ஞாயிறுதான் பெரிய நாள் என்பது தெரியும். நீங்கள் வேறு நாளில் போகலாம், அல்லது தாத்தாவையோ சித்தியையோ அனுப்பலாம். யாரும் வர முடியாத பிள்ளைகளை அழைத்துப்போக இரண்டு ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். கழிவறைக்கு மெட்ரோ நிலையத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள், வழியில் கிடைப்பது கடினம். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தருவதாகப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடைகள் களைகட்டுவது மாலையில்தான். கால் வலித்தால் பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை இன்னொரு நாள் நடக்கலாம். முடிவில் வள்ளலார் நகர் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு பஸ் கிடைக்கும்.

கட்டுரை எழுதச் சொல்லப் போவதில்லை. தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. பார்த்ததில் ஏதாவது ஒன்றை அதில் வரைந்து, பள்ளி திறக்கும் நாளில் கொண்டுவந்தால் போதும். நடந்துவந்த பெற்றோரின் கையெழுத்தும் அதன் கீழே வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்