கண்டெடுத்த குதிரை அல்ல

மதிப்பிற்குரிய கண்காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும் கலைஞர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவோடு உங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தேன். வலியவர்கள் பிறர் பண்பாட்டை எப்படித் தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பதே பொருள் என்று வாசலிலேயே எழுதியிருந்தீர்கள். உள்ளே வெள்ளை மணலில் மூன்று சுடுமண் புரவிகள் கவிழ்ந்து கிடந்தன. அட்டையில் கலைஞரின் பெயர், ஆண்டு, கீழே 'கண்டெடுத்த பொருள், சுடுமண்'.

அப்பா நடுக்குதிரையின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவினார். காவலர் அதட்டினார். "நம் குதிரைதான்" என்றார் அப்பா என்னிடம். அவருக்குச் சுண்டுவிரல் மடங்காது. உள்ளே மண்ணை வழித்த தடத்தில் ஒரு கோடு மட்டும் விலகி ஓடும்.

ஐயா, அவை எங்கும் கிடந்து எடுத்தவை அல்ல. தரகர் வழியாக வந்த ஆர்டர். கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் கால்களை நிறுத்தி, அவை இறுகியபின் வயிறு, கழுத்து, தலை என்று அப்பா ஏற்றினார். ஐப்பசி ஈரத்தில் ஒன்றின் கால் விரிந்துபோக, முதலிலிருந்து செய்தார். மழை வந்த இரவுகளில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார்.

புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்புத் திருவிழா என்றால், ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்த பிறகே வேலை தொடங்கும். யார் கையால் ஆன குதிரை என்று ஊருக்கே தெரியும். செய்தவர் யாரென்று தெரியாத கிராமத்துக் கலை என்பதெல்லாம் ஏ.சி. அறையில் பிறந்த பேச்சு.

உங்கள் கையேடு அமெரிக்கக் கலைஞர் ஃபிரெட் வில்சனைப் பெருமையோடு நினைவுகூர்கிறது. 1992இல் பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே அடிமைகளைப் பூட்டிய விலங்கை வைத்தவர் அவர். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய, ஆனால் அந்தக் கழகத்திடம் சிலை இல்லாத ஹாரியட் டப்மனுக்கும் ஃபிரடெரிக் டக்ளஸுக்கும் பெயர் எழுதிய வெற்றுப் பீடங்களையும் அங்கே நிறுத்தினார். உங்கள் கூடத்தில் குதிரை இருக்கிறது, பெயரைத்தான் காணவில்லை.

கண்மாயில் மண் அள்ள அனுமதி கேட்டுப் போனால் மட்டும் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், சர்வே எண், இரண்டு புகைப்படம் எல்லாம் வேண்டும். அதே மண் சென்னைக்கு வந்ததும் கண்டெடுத்த பொருளாகிவிடுகிறது! பண்பாட்டுக் கவர்தலுக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைக்காது. டிக்கெட் காசு வீண்போகவில்லை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். குதிரைகளைக் கவிழ்த்தது உங்கள் கலை, அதில் தலையிடமாட்டேன். பணமும் கேட்கவில்லை, பேசிய கூலியைத் தரகர் கொடுத்துவிட்டார். மூன்று அட்டைகளிலும் கையேட்டின் அடுத்த அச்சிலும் செய்தவரின் பெயரைப் போடுங்கள். 'கண்டெடுத்த' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பெயரைத் தனி மடலில் பிழையில்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறேன். இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. முதலில் உங்கள் அட்டையில் வரட்டும்.

கண்காட்சி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் மாற்றினால் அப்பாவை மறுபடி அழைத்து வருவேன். இந்த முறை தொடமாட்டார் என்று காவலரிடம் சொல்லிவையுங்கள்.

பணிவுடன்,
புரவி செய்தவரின் மகள்