செல்விக்கு, மலாவி கிளம்புமுன்

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, இனி நீ கவலையில்லாமல் மூட்டை கட்டலாம். இங்கே எல்லாரும் நலம். மழைதான் இன்னும் வரவில்லை.

மங்கோச்சி மாவட்டத்தில் வளரிளம்பெண்களுக்கான கருத்தடை வேலை என்று எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போகாதே. அங்கே யாவோ மக்களிடம் பெண்பிள்ளைகளுக்கென்று 'ன்சோண்டோ' என்றொரு சடங்கு உண்டு. அதில் உடலைப் பற்றியும் ஆணைப் பற்றியும் அவர்களுக்கு முதலில் பாடம் எடுப்பது 'நம்குங்வி' என்ற மூத்த பெண்கள்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு உன்னால் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. திருமண வயதை 18 ஆக்கி 2017இல் அரசியல் சட்டத்தையே திருத்திய நாடு அது. அதற்குச் சற்று முன் 2015-16இல் எடுத்த கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 29 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள், அல்லது முதல் கர்ப்பத்தில் இருந்தார்கள்.

இடறுவது கிளினிக் வாசலில்தான். கருத்தடை கேட்டு வருகிற பெண்ணிடம் "மாதவிலக்கு வந்த பிறகு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. போனவள் திரும்பி வருவதில்லை, வந்தால் கர்ப்பமாக வருகிறாள். அவள் கர்ப்பமாக இல்லை என்று தெரிந்துகொள்ளப் பரிசோதனைப் பட்டைகூட வேண்டாம், ஆறு கேள்விகள் போதும். கடந்த ஏழு நாளில் விலக்கு தொடங்கியதா? கடைசி விலக்குக்குப் பிறகு உறவே இல்லையா? நம்பகமான முறை ஒன்றை விடாமல் பயன்படுத்துகிறாளா? நாலு வாரத்துக்குள் பிரசவமா? ஏழு நாளுக்குள் கருச்சிதைவா? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கு இன்னும் திரும்பாமல் இருக்கிறதா? ஒன்றுக்காவது 'ஆம்' வந்து, கர்ப்பத்தின் அறிகுறி எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே கொடுத்துவிடலாம்.

அவள் தானே போட்டுக்கொள்ளும் சயானா பிரெஸ் என்ற கருத்தடை ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். 0.65 மி.லி.யில் 104 மில்லிகிராம் மருந்து, மூன்று மாதத்துக்குத் தாங்கும். மலாவியில் நடந்த ஓர் ஆய்வில், தானே போட்டுக்கொண்ட பெண்களில் 73 சதவீதம் பேர் ஒரு வருடம் தொடர்ந்தார்கள். பணியாளர் கையால் போட்டுக்கொண்டவர்களில் தொடர்ந்தது 45 சதவீதம்தான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்பதை மறந்துவிடாதே.

சொல்லிக்கொடுக்கும்போது அவள் கையிலேயே கொடுத்துச் செய்ய வை. முதலில் அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு ஊசி மேல்நோக்கி இருக்க, மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மறையும்வரை மூடியை அழுத்த வேண்டும். தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பயத்தில் பாதி அழுத்திவிட்டு மூடியைக் கழற்றுவார்கள். அப்புறம் மருந்து இருக்கும் குமிழை எவ்வளவு பிதுக்கினாலும் மருந்து வராது. வயிற்றிலோ தொடையின் முன்புறத்திலோ சதையைக் கிள்ளிப் பிடித்து, குமிழ் மேலே இருக்கும்படி ஊசியைச் சாய்வாகக் கீழ்நோக்கி முழுதாகச் செலுத்தி, ஐந்து முதல் ஏழு விநாடி மெதுவாகப் பிதுக்கச் சொல். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. பழைய ஊசியை மூடியுள்ள காலி வாஸ்லின் டப்பாவில் போட்டு, ஊருக்கு வரும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் டப்பாவை வீட்டில் எங்கே ஒளித்து வைப்பாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். அதற்குப் பதில் இல்லாத பெண் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

"இது கர்ப்பப்பையைக் காய வைத்துவிடும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். வெறும் வதந்தி என்று தள்ளிவிடாதே. ஊசியை நிறுத்திய பிறகு கரு தரிக்கப் பல மாதம் பிடிக்கும், ஒன்பது பத்து மாதம்கூட ஆகலாம். விலக்கும் தாறுமாறாக வரும், நின்றும் போகும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு பிறந்திருக்கிறது. நிரந்தரமான மலடு இல்லை, தாமதம்தான் என்று முதல் நாளே சொல்லிவிடு. அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்கிறவளுக்கு வேறு முறையைச் சொல்.

எச்.ஐ.வி.யை இந்த ஊசி தடுக்காது, ஆணுறையைக் கூடவே கொடு. இதே மருந்தைக் கொண்ட டெப்போ ஊசியால் எச்.ஐ.வி. தொற்று கூடுமோ என்ற பழைய பயம் 2019இல் வந்த எக்கோ ஆய்வோடு பெரிதும் அடங்கிவிட்டது. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேறு கணக்கு: அதற்காக எஃபாவிரென்ஸ் மருந்து எடுக்கும் பெண்ணுக்கு, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் பலன் குறையும், இந்த ஊசிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு சின்ன விஷயம். அடுத்த தேதி எழுதுகிற அட்டையில் ஊசியின் பெயரோ படமோ இருக்க வேண்டாம், தேதி மட்டும் இருந்தால் போதும். தேதி தவறினாலும் நாலு வாரம்வரை போட்டுக்கொள்ளலாம் என்பதை வாயால் சொல்லிவிடு. போய்ச் சேர்ந்ததும் எழுது.

அன்புடன்,
வசந்தி