ஜப்பான் பெட்டியில் எதை வைப்பது?

அம்மாடி,

நீ அனுப்பிய பட்டியலை நானும் உன் அம்மாவும் சேர்ந்து படித்தோம். லேப்டாப், டேப்லெட், கேமரா, கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், ஹேர் டிரையர், பவர் பேங்க், பேரனின் ட்ரோன், எல்லாவற்றுக்கும் கடைசியில் பிள்ளைக்கு மருந்தைப் புகையாகத் தரும் நெபுலைசர். நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்றது எது வேலை செய்யாமல் போனாலும் சமாளித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இளைப்பு வந்தால் அப்படி விட முடியாது.

நமக்கு வீட்டில் வருவது 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். உங்கள் வீட்டு நெபுலைசர் மோட்டார் வைத்த கம்ப்ரஸர் வகை. அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார். 230V, 50Hz என்று மட்டும் போட்டிருந்தால் அங்கே அது உதவாது. மோட்டார் ஓடாது, ஓடினாலும் காற்றழுத்தம் போதாமல் மருந்து சரியாகப் புகையாக வராது. புகை கொஞ்சம் வருகிறதே என்று பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், பிள்ளைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்காது. எனக்குப் பயம் அதுதான். வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் டிரான்ஸ்பார்மர் உண்டு, ஆனால் இரும்புக் கனம். கனமில்லாமல் மலிவாக விற்கும் கன்வெர்ட்டர்களில் பல, சூடேற்றும் சாமான்களுக்கு என்று செய்தவை. மோட்டாருக்கு அவற்றை நம்பாதே.

அதனால் இந்த வாரமே டாக்டரைப் பார். பேட்டரியில் ஓடும் கையடக்க மெஷ் நெபுலைசர் இருக்கிறது, போன் மாதிரி யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும். ஆனால் எல்லா மருந்தும் அதற்கு ஒத்துவராது, நம் பிள்ளையின் மருந்துக்கு ஆகுமா என்று கேள். இன்ஹேலரும் அதோடு மாட்டும் ஸ்பேஸர் குழாயும் போதும் என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது, அதற்கு கரண்டே வேண்டாம். மருந்துச் சீட்டையும் மருந்தையும் கருவியையும் கைப்பையில் வை. பெரிய பெட்டியில் போட வேண்டாம்.

அடுத்தது குக்கரும் கெட்டிலும். அம்மா குக்கரை விட மனசில்லாமல் இருக்கிறாள், பேரனுக்குத் தயிர்சாதம் வேண்டுமாம். ஆனால் சூடேற்றும் சாமானில் வோல்ட் பாதிக்கும் கீழே போனால் சூடு பாதியோடு நிற்காது. வோல்ட்டின் வர்க்கத்துக்குத் தக்கபடி திறன் குறையும். 1500 வாட் கெட்டில் அங்கே 280 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 700 வாட் குக்கர் 130 வாட்டுக்கு வந்துவிடும். அரிசி ஊறுமே தவிர வேகாது. ஹோட்டல் அறையில் பெரும்பாலும் கெட்டிலும் ஹேர் டிரையரும் அவர்களே வைத்திருப்பார்கள், அறைக்குள் சமைக்க விடவும் மாட்டார்கள். வெந்த வெள்ளைச் சோறு பாக்கெட்டில் கிடைக்கும், இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். தயிர்சாதத்துக்கு அது போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

போன், டேப், கேமரா சார்ஜர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். 100-240V, 50/60Hz என்று இருந்தால் உலகம் முழுவதும் போகும். பிளக்கின் வடிவம்தான் மாற வேண்டும். அங்கே சாக்கெட்டில் இரண்டு தட்டைத் துளைதான், மூன்றாவது எர்த் துளை பெரும்பாலும் இருக்காது. மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடாப்டர் போதும் என்று சொன்னாராம். ஒருமுறை பார்க்கச் சொல்: அமெரிக்க பிளக் பலவற்றில் ஒரு தகடு மற்றதைவிட அகலமாக இருக்கும், மூன்றாவது பின்னும் இருக்கலாம். பழைய ஜப்பான் சாக்கெட்டில் அது நுழையாது. இரண்டு தகடும் ஒரே அகலமாக இருப்பதுதான் வேண்டும்.

பவர் பேங்க் ஒன்று போதும், 20,000 எம்ஏஎச். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி (Wh), விமானத்தில் அனுமதிக்கும் 100 என்ற வரம்புக்குள் இருக்கிறது. எழுத்து அழிந்துபோன அந்தப் பழையது வேண்டாம், அளவு தெரியாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஜப்பானில் 2025 ஜூலையிலிருந்து தலைக்கு மேல் இருக்கும் பெட்டியிலும் வைக்காதீர்கள் என்கிறார்கள், சூடானால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ட்ரோனை விட்டுவிடுங்கள், 100 கிராமும் அதற்கு மேலும் உள்ளவற்றை அங்கே பதிவு செய்யாமல் பறக்கவிடக் கூடாது. லேப்டாப்பும் எதற்கு? லீவில் போகிறீர்கள்.

உங்கள் இந்திய சிம்மை அணைக்காதீர்கள், பேங்க் ஓடிபி அதில்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு டேட்டாவுக்குத் தனி இ-சிம் போடுங்கள். மாப்பிள்ளையின் ஐபோனில் ரயிலுக்கான சுய்கா அட்டையைச் சேர்த்துவிடலாம். நம் ஊர் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை, அதனால் நீ அங்கே பிளாஸ்டிக் அட்டை வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம், வேலைக்கு ஆகாத ஒரு விஷயம், ஆனால் மின்வாரியத்தில் இருந்தவன் சொல்லாமல் விட முடியவில்லை. கரண்டின் அதிர்வெண் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், கியோட்டோவில் 60. 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை சேரவில்லை. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின் நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 1000 மெகாவாட்தான். நீங்கள் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் கியோட்டோ போகும்போது ஃபுஜி ஆற்றைத் தாண்டுவீர்கள், அதுதான் எல்லை. அந்த ரயில் மட்டும் முழு வழியும் 60இலேயே ஓடுகிறது. வலது பக்க ஜன்னலோரம் பேரனை உட்காரவை, வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

விமானம் ஏற எப்படியும் சென்னைக்குத்தானே வருகிறீர்கள். அதற்குள் ரிச்சி தெருவில் சரியான அடாப்டராகப் பார்த்து இரண்டு வாங்கி வைக்கிறேன். நெபுலைசர் லேபிளைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு, டாக்டர் சொன்னதையும் எழுது.

அன்புடன்,
அப்பா