நர்சிங் என்ட்ரன்ஸுக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க வார்டுக்கு தினம் காலைல உங்க பேப்பர் வரும். நைட் டியூட்டி முடிஞ்சு ஹேண்டோவர் குடுக்குறதுக்கு முன்னாடி டீ குடிச்சிட்டே பொரட்டுவேன், பேஷன்ட்டோட அட்டெண்டர் யாராவது நடுப்பக்கத்த உருவிட்டு போயிருப்பாங்க, மிச்சம் இருக்குறதுதான் எனக்கு. போன மாசம் நீங்க போட்ட கல்வி ஸ்பெஷல மட்டும் யாருக்கும் குடுக்காம பையில வச்சு வீட்டுக்கு எடுத்துட்டு போனேன், எங்கக்கா மக நர்சிங் என்ட்ரன்ஸுக்கு படிச்சிட்டு இருக்கா, அவளுக்கு ஆகும்னு. நாலு பக்கமும் நீட், எம்.பி.பி.எஸ் கட் ஆஃப், எந்த காலேஜ் எவ்வளவு, டாக்டர் ஆன பிள்ளைங்க பேட்டி. நர்சிங்னு தேடி பாத்தா கடைசி பக்கத்துல ஒரு தனியார் காலேஜ் விளம்பரத்துல மட்டும் இருந்துச்சு. கோவத்துல எழுதல சார், ஆனா எழுதணும்னு தோணிருச்சு.

நர்சிங்குக்கு எதுக்கு என்ட்ரன்ஸ்னு கேக்குறவங்கதான் எங்க பக்கம் ஜாஸ்தி. அவங்க கேக்குறதும் தப்பில்ல, தமிழ்நாட்டுல 2006 சட்டத்துக்கு அப்புறம், நீட் மாதிரி தேசிய பரீட்சை இருக்குற படிப்ப தவிர, தொழிற்கல்விக்கு பிளஸ் டூ மார்க்க வச்சுத்தான் சீட்டு, நான் டிப்ளமோ படிச்சதும் பிளஸ் டூ மார்க்லதான். எனக்கும் என்ட்ரன்ஸ் மேல ஒரு ஆசையும் கிடையாது. ஆனா வெளிய நெலம வேற. எய்ம்ஸ்ல பி.எஸ்சி ஆனர்ஸ் நர்சிங் சேரணும்னா தனி பரீட்சை. புதுச்சேரி ஜிப்மர்ல நர்சிங்குக்கு நீட் மார்க். மிலிட்டரி நர்சிங்குக்கும் நீட் மார்க், அதுக்கு மேல இன்னும் நாலு கட்டம். வேலூர் சி.எம்.சி அவங்களே ஒரு டெஸ்ட் வைக்கிறாங்க, 1946லயே பி.எஸ்சி நர்சிங் ஆரம்பிச்ச இடம் அது. இது போக 2021ல இந்தியன் நர்சிங் கவுன்சில் போட்ட புது விதில நர்சிங்குக்கு என்ட்ரன்ஸ் வைக்கணும்னு இருக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் ஒவ்வொண்ணுக்கும் 20, நர்சிங் ஆப்டிடியூட்னு ஒரு 20, ஆக மொத்தம் 100. 2023ல கவுன்சிலுக்கு பதிலா கமிஷன் கொண்டு வர சட்டமும் வந்தாச்சு. வேணும் வேணாம்னு பெரியவங்க சண்ட போடட்டும், பரீட்சை எழுதுற பிள்ளைக்கு அதுவரைக்கும் யாராவது ஒரு வார்த்த சொல்லணும்ல.

எங்க பிள்ளைக்கு நடந்தத சொல்றேன். போன வருஷம் அவ நீட் எழுதுனா, அரசு பள்ளி, தமிழ் மீடியம், கோச்சிங் எதுவும் இல்லாம 720க்கு 300 பக்கத்துல வந்துச்சு. வீட்ல எழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு, எங்க மச்சான் லாரி ஓட்டுறவரு, அவரு ரெண்டு நாள் பேசவே இல்ல. டாக்டர் சீட்டு இல்லனு ஆனதும் அந்த மார்க் கார்ட பீரோக்குள்ள வச்சு பூட்டிட்டாங்க. அதே மார்க்க வச்சு மிலிட்டரி நர்சிங்குக்கு அப்ளிகேஷன் போடலாம்னு எங்க யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரில இத்தன வருஷம் வேல பாக்குற எனக்கே தெரியாதுனா பாத்துக்கோங்க. கூட டியூட்டி பாக்குற சிஸ்டர் ஒருத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது, தேடிப் பாக்கும்போது தேதி முடிஞ்சிருச்சு. நீட் எழுதுனா மட்டும் போதாது சார், அதுக்குனு ராணுவ வெப்சைட்ல தனியா பதியணும், அப்புறம் மார்க்க வச்சு கூப்புடுவாங்க, பொது அறிவுத்திறனும் இங்கிலீஷும் சேந்த ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட், மனநல டெஸ்ட், இன்டர்வியூ, மெடிக்கல். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூர்னு 6 காலேஜ், மொத்தம் 220 சீட்டு, பொண்ணுங்களுக்கு மட்டும். படிப்பு செலவு அவங்களோடது, படிப்பு முடிஞ்சு பாண்டு போட்டு லெப்டினன்ட்டா வேலைக்கு எடுப்பாங்க. 220 சீட்டுக்கு நாடு முழுக்க போட்டினா அவளுக்கு கிடைச்சிருக்குமானா சொல்ல முடியாது. ஆனா வரிசைலயே நிக்காம வந்துட்டோமே, அதத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

அதுக்கப்புறம் அவ என்கிட்ட வந்து சித்தி நான் எய்ம்ஸ் நர்சிங் எழுதுறேன், ஒரு வருஷம் வீட்ல இருந்து படிக்கிறேன்னா. ஊர்ல ஆளாளுக்கு பேசுனாங்க, பொம்பளப் புள்ள ஒரு வருஷம் சும்மா இருக்கானு. சும்மாவா இருக்கா, விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிக்கிறா. அந்த பரீட்சை 100 கேள்வி 2 மணி நேரம், பிசிக்ஸ் 30, கெமிஸ்ட்ரி 30, பயாலஜி 30, ஜெனரல் நாலெட்ஜ் 10. பிளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி இங்கிலீஷ் நாலும் சேத்து 55 சதவீதம் வேணும், எஸ்.சி எஸ்.டி பிள்ளைங்களுக்கு 50. பேப்பர் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான். நீட்டாவது தமிழ்ல எழுதலாம், அதுவே டாக்டர் படிப்புக்கு, எய்ம்ஸ் நர்ஸ் படிப்புக்கு தமிழ் கிடையாதாம்.

பாடம் தெரியாம மார்க் போனா கூட பரவால்ல சார், பேர் தெரியாம போகுது. மின்தேக்கினு கேட்டா நாலு பக்கம் படத்தோட எழுதுவா, கெப்பாசிட்டர்னு பாத்ததும் முழிப்பா. உந்தம்னா தெரியும், மொமென்டம்னா தெரியாது. குன்றல் பகுப்பு ஒரு எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு புரியுற மாதிரி சொல்லுவா, மியாசிஸா மைட்டாசிஸானு கேள்வி வந்தா மாத்தி போட்டுட்டு வருவா. அதுக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா ஒரு பழைய வார்டு ரிஜிஸ்டர் நோட்டு, பக்கத்த ரெண்டா மடிச்சு இந்த பக்கம் தமிழ் பேரு அந்த பக்கம் இங்கிலீஷ் பேரு, தினம் 20, ராத்திரி சாப்பிடும்போது எங்கக்கா கேக்கணும் இவ சொல்லணும். எங்கக்கா ஒம்பதாவது வரைக்கும்தான் படிச்சவ, இப்ப அவளுக்கே விஸ்காசிட்டினா பாகுநிலைனு தெரியும், நல்லெண்ணெய காட்டி வெளக்கமும் சொல்லுவா. புது சமச்சீர் புத்தகம் நல்லா கனமாவே இருக்கு, குறை சொல்ல மாட்டேன், அதோட என்.சி.இ.ஆர்.டி பயாலஜியும் சேத்து படிக்கிறா, கேள்வியோட பாஷை அதுல பழகுது.

பிசிக்ஸ் எனக்கும் ஆகாதுதான், ஆனா வார்டுல இருக்குறது பாதி பிசிக்ஸ்தான்னு அவளுக்கு சொல்லிக் குடுக்கும்போதுதான் எனக்கே வெளங்குச்சு. ரத்தம் ஏத்த ஏன் பச்சை கலர் 18 கேஜ் வென்ஃபிளான், அதாவது நரம்புல போடுற ஊசிக்குழாய் போடுறோம், பிள்ளைங்களுக்கு போடுற அத விட மெல்லிசான மஞ்சள் 24ல ஏன் அந்த வேகம் வராதுனு கேட்டேன். குழாயோட ஆரம் ரெண்டு மடங்கு ஆனா அதே அழுத்தத்துல 16 மடங்கு ஓடும், நாலாம் அடுக்குனு அவ புத்தகத்துல இருக்கு. நாங்க கைப்பழக்கத்துல செய்றத அவ கணக்குல போட்டு காட்டுறா. 500 எம்.எல் பாட்டில் 4 மணி நேரத்துல போகணும், டிரிப்ஸ் செட்ல ஒரு எம்.எல்லுக்கு 20 சொட்டுனா நிமிஷத்துக்கு எத்தன சொட்டுனு கேட்டா இப்ப வாயாலயே 42னு சொல்றா. பரீட்சைல இது அப்படியே வருமோ வராதோ, யூனிட் மாத்துற பயம் போயிருச்சு.

நெகட்டிவ் மார்க் பத்தி ஒரு விஷயம் கண்டிப்பா எழுதணும், ஏன்னா இத யாரும் பிள்ளைங்களுக்கு சொல்றதில்ல. எய்ம்ஸ்ல சரியானதுக்கு 1, தப்புக்கு மூணுல ஒரு பங்கு கழியும், அதாவது மூணு தப்பு ஒரு சரிய தின்னுரும். நீட்ல சரிக்கு 4, தப்புக்கு 1. பிளஸ் டூல வெத்து பேப்பர் குடுக்காத, எதையாவது எழுதி வைனு சொல்லிச் சொல்லி வளத்த பிள்ளைங்க இதுங்க. எங்க பிள்ள மொத மாடல் டெஸ்ட்ல 100யும் தொட்டுட்டு வந்தா, 46 சரி 54 தப்பு, கழிச்சு பாத்தா 28. அடுத்த தடவ சுத்தமா தெரியாத 30 கேள்விய விட்டுரு, நாலுல ரெண்டு விடை இது இல்லனு உறுதியா அடிக்க முடிஞ்சா மட்டும் யோசிச்சு போடுனு சொன்னேன், 44 சரி 26 தப்பு, 35 வந்துச்சு. சரியானது ரெண்டு கொறஞ்சும் மார்க் 7 கூடிருக்கு! இந்த சூட்சுமத்த சொல்லிக் குடுக்க எங்க டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர்ல கேட்ட ஃபீஸ் எங்க மச்சானோட மூணு மாச சம்பளம், அதுவும் நீட் பேட்ச்ல சேத்து உக்கார வைப்பாங்களாம், நர்சிங்குக்குனு தனியா இல்லையாம்.

அப்ளிகேஷன் போடுறது இன்னொரு பரீட்சை. எய்ம்ஸ்ல மொதல்ல பேசிக் ரெஜிஸ்ட்ரேஷன், ஃபோட்டோ கையெழுத்து சரியில்லன்னா திருப்பி அனுப்புவாங்க, அது ஓகே ஆனதும் கோட் எடுக்கணும், அப்புறம் ஃபைனல் ரெஜிஸ்ட்ரேஷன், பணம், சென்டர். ஒவ்வொண்ணுக்கும் தனி தேதி. எங்களுக்கு பேசிக் போட்டு குடுத்த பிரவுசிங் சென்டர் தம்பி முடிஞ்சிருச்சுக்கானு பிரிண்ட் எடுத்து குடுத்துட்டாரு, நாங்களும் நம்பிட்டோம். ஏதோ சந்தேகத்துல நான் நைட் டியூட்டில ரெண்டு மணிக்கு செல்லுல உள்ள போய் பாத்தா ஃபைனல் பாக்கி, கடைசி நாளுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. அந்த தம்பிய குத்தம் சொல்லல, அவருக்கும் யாரும் சொல்லல.

இன்னொரு கொடும இருக்கு. நர்ஸ் ஆகணும்னு சின்ன வயசுலேந்து ஆசப்பட்டு பிளஸ் ஒன்ல தொழிற்பிரிவு நர்சிங் குரூப் எடுக்குற பிள்ளைங்க நெறய, எங்க ஆஸ்பத்திரிக்கு பிராக்டிக்கல் வருவாங்க, பெட் போடுறதும் பி.பி பாக்குறதும் நல்லா செய்வாங்க. அவங்களுக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கிடையாது, அதனால எய்ம்ஸ் நர்சிங் அப்ளிகேஷனே போட முடியாது. நர்சிங் படிச்சதாலயே எய்ம்ஸ் நர்சிங்குக்கு போக முடியலங்குறத பத்தாங்கிளாஸ் முடிக்கும்போதே ஒருத்தர் சொல்லிருந்தா வேற குரூப் எடுத்திருக்கும்ல அந்த பிள்ள. போன வாரம் ஒரு பிள்ள கேட்டுச்சு, என்னால நிமிந்து பதில் சொல்ல முடியல.

நானும் 2015ல கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற எம்.ஆர்.பி பரீட்சை எழுதி தொகுப்பூதியத்துல வேலைக்கு சேந்தவதான், பரீட்சை பயம்னா என்னனு தெரியும். அப்ப எனக்கு ஒதவுனது கூட படிச்ச ஒருத்தி அனுப்புன பேப்பர் கட்டிங், அதுலதான் அறிவிப்பு வந்ததே தெரிஞ்சுது. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். பெருசா வேணாம், வாரத்துக்கு ஒரு நாள் அரைப்பக்கம். எந்த பரீட்சை, எப்ப அப்ளிகேஷன், எந்த கட்டம் எந்த தேதி, எந்த குரூப் படிச்சிருக்கணும், போன வருஷ மாதிரி பத்து கேள்வி, இங்கிலீஷ் பேரோட தமிழ் பேரும் சேத்து. டாக்டர் ஆன பிள்ள பேட்டிக்கு பக்கத்துல எய்ம்ஸ்ல நர்சிங் படிக்கிற நம்மூரு பிள்ள ஒண்ணோட பேட்டியும் போடுங்க, பெயர் தேடி அலைய வேண்டியதில்ல, கேரளாக்காரங்க மட்டும்தான் அங்க இருக்காங்கனு நெனக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை வேணாம் சார், அன்னைக்கு சினிமா பக்கத்தோட சேந்து அட்டெண்டருங்க எடுத்துட்டு போயிருவாங்க. செவ்வாயோ புதனோ போடுங்க, நான் காலைலயே வெட்டி பிராக்டிக்கல் பிள்ளைங்க கையெழுத்து போடுற மேசைக்கு மேல ஒட்டிருவேன்.

இப்படிக்கு,
ஒரு அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ்,
விருதுநகர் மாவட்டம்.