ட்ராக் டே போற தம்பிகளுக்கு, ஒரு இன்ஜின் மெக்கானிக்கோட மடல்

தம்பிகளா, தங்கச்சிகளா, வணக்கம்ங்க.

கோயம்புத்தூர்ல 18 வருசமா இன்ஜின் பிரிச்சு மாட்டுற வேலைங்க எனக்கு. போன மாசம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான், சென்னைக்குப் பக்கத்துல இருக்கற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குல, நம்ம சொந்த வண்டியை ஓட்ட விடற ட்ராக் டேல ஓட்டிட்டு வந்ததுல இருந்து கீழ டக் டக்னு ஒரு சத்தம் வருதுண்ணான்னான். ஆயில் பில்டரைக் கழட்டி, வெட்டி, உள்ள இருக்கற பேப்பரை விரிச்சு வெயில்ல காட்டினேன், மடிப்புக்கு மடிப்பு தங்கத்தூள் தூவின மாதிரி மின்னுச்சு. அத்தனையும் கிராங்க் தண்டைச் சுத்தி இருக்கற பேரிங் ஷெல் தேஞ்ச தூளுங்க. இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற தொட்டியான சம்ப்பை இறக்கி, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கற கனெக்டிங் ராடு மூடியைத் திறந்தா, சாம்பல் கலர்ல வழவழன்னு இருக்க வேண்டிய ஷெல்லு தேஞ்சு செம்பு தெரியுது, கிராங்க்ல நகத்தை ஓட்டினா வரி வரியா மாட்டுது. "ரெட்லைனை ஒரு தடவை கூட தொடலண்ணா, சத்தியமா"ன்னு அவன் திரும்பத் திரும்பச் சொல்றான், கண்ணு கலங்குது. அவன் பொய் சொல்லல.

ஆர்பிஎம் மீட்டர்ல இதுக்கு மேல சுத்தக் கூடாதுன்னு சிவப்புக் கோடு போட்டிருக்கற ரெட்லைனுக்குக் கீழ இருந்தா என்ன மிதிச்சாலும் இன்ஜின் தாங்கும்னு உங்கள்ல நிறைய பேரு நம்பறீங்க, அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல அந்த ரெட்லைனையே பாத்துருவோம். ஹோண்டா எஸ்2000னு ஒரு வண்டி, 1999-ல வந்தது, 2 லிட்டர் இன்ஜின், ரெட்லைன் 9000, அதாவது நிமிசத்துக்கு 9000 சுத்து. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல இருந்து கீழ வர்ற தூரம், 84 மில்லிமீட்டர், அப்படின்னா 9000-ல பிஸ்டன் சராசரியா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடுது. 2009-ல இருந்து 2013 வரைக்கும் பார்முலா ஒன் வி8 இன்ஜினுக்கு 18000-தான் லிமிட்டு, ஆனா அதோட ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, கணக்குப் போட்டா பிஸ்டன் வேகம் 24 மீட்டர் பக்கம்தான் வருது. அதனால உன் வண்டி வெறும் 6500தானான்னு யாரும் யாரையும் இளக்காரமா பேசாதீங்க, ஸ்ட்ரோக் நீளமா இருந்தா அந்த 6500-லயே அந்தப் பிஸ்டன் படாத பாடு படும். எஸ்2000-ல 9000 சுத்தறப்ப மேல போய் நின்னு திரும்பற பிஸ்டனுக்கு அதோட எடையை விட 4000 மடங்குக்கு மேல இழுவை, 300 கிராம் பிஸ்டன்னு வெச்சுக்கிட்டா ராடுக்கும் அதோட போல்ட்டுக்கும் ஒரு டன்னுக்கு மேல. அதுவும் 8000-ல இருந்து 9000 போனா சுத்து கூடறது எட்டுல ஒரு பங்கு, இழுவை கால்வாசிக்கு மேல கூடிரும். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணி, சுத்து எல்லை தாண்டாம தடுக்கற லிமிட்டரை இன்னும் 500 தூக்கி வெச்சுக்கலாமாண்ணான்னு கேட்டு வர்றவங்களுக்கு நான் போர்ஷே கதையைத்தான் சொல்லுவேன். 2013-ல வந்த 991 ஜிடி3, 9000 சுத்தற வண்டி, ராடு போல்ட் தளர்ந்து ரெண்டு வண்டி தீப்பிடிச்சுது, அப்புறம் 785 வண்டிக்கும் இன்ஜினையே மாத்திக் கொடுத்தாங்க. ஒரு போல்ட்டுங்க.

லிமிட்டர் காப்பாத்தும்னும் நினைக்காதீங்க. அது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ கட் பண்ணும், அவ்வளவுதான், கியர் தப்பா விழுந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது. நாலாவதுல 9000 வரைக்கும் போய் அஞ்சு போடறேன்னு மூணுல தள்ளிட்டீங்கன்னா அந்த எஸ்2000 இன்ஜினை வீலே புடிச்சு 11000-க்கு மேல சுத்த வெச்சிரும், வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்து இடிக்கும். கியர் குமிழை கெட்டியா நசுக்கிப் புடிக்காதீங்க, உள்ளங்கைல தள்ளுங்க, அது தானா சரியான இடத்துக்குப் போகும்.

சரி, அந்தத் தம்பி வண்டிக்கு என்ன ஆச்சுன்னா, டயருங்க. ட்ராக்குக்குன்னு நல்லா ஒட்டற செமி ஸ்லிக் வாங்கி மாட்டியிருக்கான், அதனால வளைவுல முன்னை விட வேகமாப் போக முடிஞ்சுது, நீளமான வளைவுல சம்ப்ல இருக்கற ஆயில் மொத்தமும் ஒரு பக்கமா ஏறி நின்னுக்கிச்சு, உறிஞ்சற குழாய் காத்தை உறிஞ்சுது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல இருக்கறது முடியை விட மெல்லிசான ஆயில் படலம், வளைவுல அது ரெண்டு செகண்ட் இல்லன்னா உலோகத்தோட உலோகம் உரசுது. அதுலயும் ஆயில் அளவு பாக்கற குச்சியான டிப்ஸ்டிக்ல ஆயில் கீழ் கோட்டுக்குப் பக்கத்துல இருந்திருக்கு. ரோட்டுல ஓட்டறப்ப அது போதும், ட்ராக்குல போதாது. மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். செமி ஸ்லிக் போடறதுன்னா சம்ப்புக்குள்ள ஆயில் ஒரு பக்கமா ஓடாம தடுப்புத் தகடும் போட்டுக்கங்க, டயர் வாங்கற காசுல அது கொஞ்சம்தான்.

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல கார் மீட்டுக்கு வந்து, ஸ்டார்ட் பண்ணின ரெண்டாவது நிமிசம் லிமிட்டர்ல அடிச்சு ரேஸ் பண்றீங்களே, அதைக் கேட்டா எனக்கு வயிறு எரியுதுங்க. தண்ணி சூடு முள்ளு நடுவுக்கு வந்துட்டா இன்ஜின் ரெடின்னு அர்த்தம் இல்ல, ஆயில் சூடாக அதை விட ரொம்ப நேரம் ஆகும். பழைய பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-ல ஆர்பிஎம் மீட்டரைச் சுத்தி ஆரஞ்சு லைட் வெச்சிருப்பாங்க, ஆயில் சூடாக ஆக ஒண்ணொண்ணா அணையும், எரியற லைட்டுக்கு மேல முள்ளு போகக்கூடாது. உங்க வண்டில அது இல்லன்னா ஒரு ஆயில் டெம்பரேச்சர் கேஜ் மாட்டுங்க, 80 டிகிரி தாண்டின பிறகு மிதிங்க, 130-ஐ நெருங்கினா காலை எடுத்துருங்க, நம்ம ஊரு மே மாச வெயில்ல நாலஞ்சு லேப்லயே நெருங்கிரும். கடைசி லேப்பை மெதுவா ஓட்டி முடிங்க, டர்போ வண்டியா இருந்தா பிட்டுக்கு வந்ததும் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்காதீங்க, டர்போ உள்ள நிக்கற ஆயில் கருகி கட்டியாயிரும். அதே டர்போ வண்டியை ஆறாவது கியர்ல 1500-ல வெச்சுட்டு முழு மிதி மிதிக்கறதும் கெடுதல்தான், கீழ் கியருக்கு வந்து சுத்த விடுங்க, சூடான இன்ஜினுக்கு சுத்தறது நல்லது.

அடுத்த ட்ராக் டே முடிஞ்சு ஆயில் மாத்தறப்ப பழைய பில்டரைத் தூக்கிப் போட்டுராதீங்க. ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க, நானே வெட்டிப் பாத்துச் சொல்றேன், காசெல்லாம் வேண்டாம். அந்தத் தம்பியோட கிராங்க் இன்னும் பட்டறை அலமாரிலதான் இருக்கு, வந்தீங்கன்னா நகத்தை ஓட்டிப் பாத்துட்டுப் போங்க.